பன்னிக்குச் சொந்தக்காரன் யாருலே?

ஏலே பேராண்டி, போன்ல அப்படி என்ன பொலம்பல் பொலம்புன! "தாத்தா, அமெரிக்காப் பன்னியைப் பூரா சீனாக்காரன் வாங்கிட்டான், காலைல தட்டுல வைக்க பேக்கன்கூட பெய்ஜிங்காரனுக்குச் சொந்தம், நாடே பறிபோச்சு"ன்னு ஒப்பாரி வச்சியே. பக்கத்துல வெத்தலை இடிச்சுக்கிட்டு இருந்த ஒங்க ஆச்சி காதுல நாடு பறிபோனது விழல. தட்டுல பன்னி கிடந்தது மட்டும் விழுந்துட்டு. "பெருமாளே ஒரு தடவை பன்னியா வந்துதான் பூமியைத் தூக்குனாரு, பேரன் ரெண்டு துண்டு தின்னா என்னளா"ன்னேன். "அவரு தூக்குனாரு, இவன் முழுங்குதானே"ன்னு கேக்கா. அவகிட்ட வாயைக் குடுத்து யாரு மீண்டா.

சரி, ஒன் விஷயத்துக்கு வாரேன். எட்டாப்பு தாண்டாத கிழவன், எனக்கு என்ன தெரியும்? பேப்பர்ல வந்ததும், ஒன் சித்தப்பன் மகன் செல்லுல தேடிப் படிச்சுக் காட்டுனதும்தான். ஆனா நீ வட கரோலினாவுல ராலே பக்கத்துல குளுகுளு அறையில இருக்க. ஒன்றரை மணி நேரம் காரோட்டுனா டார் ஹீல்னு ஒரு சின்ன ஊரு வருமாம். உலகத்துலயே பெரிய பன்னி அறுக்க ஆலை அங்கதான் இருக்கு. ஒரு நாளைக்கு 30,000 பன்னிக்கு மேல ஒரு பக்கம் நடந்து போயி மறுபக்கம் அட்டைப்பெட்டியா வெளிய வருது. அதை ஒரு எட்டு போயிப் பாக்காம, யூடியூப்பைப் பாத்துட்டு அழுதியே, அதுக்குத்தான் இம்புட்டும் சொல்லுதேன்.

மொதல்ல ஒண்ணைத் திருத்திக்கோ. பெய்ஜிங் கிடையாதுலே. ஹெனான் மாகாணத்துல லுவோஹேன்னு ஒரு ஊரு. அங்க இருந்த அரசாங்கக் கறி ஆலை ஒண்ணை 1984ல வான் லோங்னு ஒருத்தர் பொறுப்பெடுத்தாரு. அது வளந்து ஷுவாங்ஹுய்னு பெரிய கம்பெனியாச்சு. இப்போ டபிள்யூ.எச். குரூப்னு பேரை மாத்திக்கிட்டு ஹாங்காங் பங்குச் சந்தையில உக்காந்திருக்கு. அமெரிக்காவுல பெரிய பன்னிக்கறிக் கம்பெனியான ஸ்மித்ஃபீல்டை 2013ல வாங்குனது இவுகதான். பங்கு ஒண்ணுக்கு 34 டாலர் குடுத்தாக. அறிவிப்புக்கு முந்தி சந்தையில இருந்த விலையை விட அது 31 சதவீதம் கூட. பங்குக்கு மட்டும் 470 கோடி டாலர், கம்பெனி தலையில இருந்த கடனையும் சேத்தா 710 கோடி. அதுவரைக்கும் எந்த அமெரிக்கக் கம்பெனியையும் சீனாக்காரன் அம்புட்டு விலைக்கு வாங்குனது இல்ல.

பறிபோச்சுன்னியே. பறிக்கவன் சந்தை விலைக்கு மேல 31 சதவீதம் போட்டுக் குடுத்துட்டா பறிப்பான்? அந்த மாதிரி பறிக்கவன் நம்ம ஊர்ப் பக்கம் வந்தா சொல்லுலே, ஓடை ஓரத்து உப்பு மண்ணு அரை ஏக்கர் எனக்கும் கிடக்கு. பங்கு வச்சிருந்த அமெரிக்கக்காரன்தான் ஓட்டுப் போட்டு, சம்மதிச்சு, பணத்தை எண்ணி வாங்கிக்கிட்டுப் போனான். வாங்குதவனுக்கு சீன பாங்கு 400 கோடி டாலர் கடன் குடுத்ததுன்னு சத்தம் போடுதாக. சரிதான், குடுத்தது. கூடவே 300 கோடிக்கு ஏற்பாடு பண்ணது யாரு? நியூயார்க்கு பாங்கு மார்கன் ஸ்டேன்லி. அந்தச் சீனக் கம்பெனியில ஏற்கெனவே பங்கு போட்டு வச்சிருந்த ஆளுகள்ல ஒருத்தர் யாரு? கோல்டுமேன் சாக்ஸ், அதுவும் நியூயார்க்கு பாங்குதான். கல்யாணத்துக்குத் தரகு வாங்குனவுகளும் இவுகதான், பந்தியில முந்துனவுகளும் இவுகதான். பொண்ணு போச்சேன்னு தெருவுல நின்னு அழ மட்டும் ஒன்னைய மாதிரி ஆளு.

ஆனா ஸ்மித்ஃபீல்டு ஊர்க்காரனுக்கு வலிச்சிருக்கும், அதை நான் இல்லைங்கல. வர்ஜீனியாவுல பேகன் ஆத்தங்கரையில இருக்க ஊரு. லூட்டர்னு அப்பனும் மகனும் சேந்து 1936ல ஆரம்பிச்ச கம்பெனி. அதுக்கு முன்னாலயே அந்த ஊரு பன்னித்தொடைக்குப் பேருபோனது. உப்புத் தேச்சு, புகைபோட்டு, மாசக்கணக்குல தொங்கவிட்டு எடுக்க தொடை. அசல் ஸ்மித்ஃபீல்டு தொடைன்னு எதைச் சொல்லணும்னு வர்ஜீனியா சட்டசபை 1926ல சட்டமே போட்டுட்டு. அந்த ஊரு எல்லைக்குள்ளதான் பதப்படுத்தணும், பன்னி கடலை தின்னு வளந்திருக்கணும். கடலைன்னதும் கோவில்பட்டிக்காரன் எனக்குக் காது நிமிந்துட்டு பாத்துக்க. கடலைங்க கட்டுப்பாட்டைப் பின்னால எடுத்துட்டாகளாம், அது வேற வருத்தம்.

இன்னொண்ணு கேளு. அந்த ஊரு மியூசியத்துல 1902ல பதப்படுத்துன ஒரு பன்னித்தொடை இன்னும் கிடக்கு. குவால்ட்னின்னு ஒரு வியாபாரி. ஒரு தொடை விக்காம எப்படியோ தங்கிப்போச்சு, வருஷக்கணக்குல கெடவும் இல்ல. மனுசன் என்ன செஞ்சான்னா, அதுக்குப் பித்தளையில ஒரு கழுத்துப் பட்டை மாட்டி, நாய்க்குட்டியைக் கூட்டிட்டுப் போற மாதிரி போற இடமெல்லாம் கொண்டு போயி, "இதுதான் என் செல்லம், ஐஸ்பெட்டி இல்லாமலே எப்படி நிக்கு பாருங்க"ன்னு காட்டி வியாபாரம் பண்ணான். நூறு வருஷம் தாண்டியாச்சு. தோலு சுருங்கி, கறுத்து, பழைய செருப்புத் தோலு கணக்கா கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்காம், உத்துப் பாக்க கேமரா வேற வச்சிருக்காகளாம். இந்த மாதிரி ஊர்க்காரன்கிட்ட போயி, கம்பெனி கைமாறிட்டுன்னு சொன்னா நெஞ்சு அடைக்கத்தானே செய்யும்.

வாஷிங்டன்ல இருக்கவுக சும்மா இருப்பாகளா? 2013 ஜூலையில செனட் சபை விவசாயக் குழு ஸ்மித்ஃபீல்டு தலைவர் லாரி போப்பைக் கூப்பிட்டு உக்கார வச்சு விசாரிச்சாக. "சீனாவுல இருந்து இங்க கறி வந்துருமோ?" இல்லைங்கய்யா, இங்க இருந்து அங்க போகத்தான் இம்புட்டும்னாரு அவரு. சொன்ன காரணத்துல நியாயம் இருந்தது. உலகத்துப் பன்னிக்கறியில ஏறத்தாழ பாதியைத் திங்கது சீனாக்காரன். அவனுக்குத் தன் ஊர்க் கறி மேலயே பயம். 2011ல இந்த ஷுவாங்ஹுய் கம்பெனி கிளை ஒண்ணுலயே, கொழுப்பைக் கரைக்க தடை பண்ண மருந்து குடுத்த பன்னி பிடிபட்டு, அவுக ஊரு டிவியே போட்டு உடைச்சுட்டு. மானம் போன கம்பெனி, நல்ல பேரை விலைக்குத் தேடிக்கிட்டு அலைஞ்சிருக்கு. அமெரிக்காவுல ராக்டோபமைன்னு இன்னொரு மருந்து உண்டு. இவுக சட்டத்துல செல்லும், சீனாவுல செல்லாது. ஸ்மித்ஃபீல்டு அந்த மருந்தை நிப்பாட்டுற வேலையைக் கைமாறுறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சுட்டு. சீனாக்காரன் வந்து அமெரிக்காக்காரனுக்கு விஷம் வைப்பான்னு பயந்தாகளே, கடைசியில சீனாக்காரனுக்கு விக்கணுமேன்னுதான் தீவனத்துல ஒரு மருந்து கொறைஞ்சது. இதை நீ யூடியூப்ல பாத்தியா?

வெளிநாட்டு முதலீட்டைச் சலிக்க குழுவும் 2013 செப்டம்பர்ல சரின்னுட்டு. மிசௌரி மாநிலத்துல நடந்ததைக் கேளு. வெளிநாட்டான் விவசாய நிலம் வாங்கப்பிடாதுன்னு அங்க 1978லயே சட்டம். ஸ்மித்ஃபீல்டுக்கோ அங்க நிலம் கிடந்தது. 2013ஆம் வருஷம் பாத்து, ஒரு சதவீதம் வரைக்கும் வெளிநாட்டான் வச்சுக்கலாம்னு சட்டசபை ஒரு ஓட்டை போட்டு வச்சது. கவர்னர் ஜே நிக்ஸன் கையெழுத்துப் போட மாட்டேன்னு திருப்பி அனுப்புனாரு. அவரை மீறி நிறைவேத்திட்டாக. பத்து வருஷம் கழிச்சு, சீனாக்காரன் நம்ம நிலத்தைத் திங்கான்னு மேடையில கத்த வேண்டியது. அமெரிக்காவுல வெளிநாட்டான் கையில இருக்க விவசாய நிலத்துல மூணுல ஒரு பங்கு கனடாக்காரன்கிட்ட இருக்கு. சீனாக்காரன் பங்கு ஒரு சதவீதம்கூட வராது. அவுக விவசாயத் துறைக் கணக்குதான் சொல்லுது. கனடாக்காரனைப் பாத்து யாரும் மேடையில கத்தல. அவன் பாக்க பக்கத்து வீட்டு அண்ணாச்சி கணக்கா இருப்பான் போல.

பிரேசில்காரன் ஜேபிஎஸ் இருக்கானே, அவன் 2007லயே ஸ்விஃப்ட்னு ஒரு அமெரிக்கக் கறிக் கம்பெனியை வாங்கிட்டான். 2015ல கார்கில் கம்பெனியோட பன்னி வியாபாரத்தையும் 145 கோடி டாலருக்கு வளைச்சுட்டான். அதுக்கெல்லாம் ஒப்பாரி கேட்ட மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல.

இப்போ முக்கியமான இடத்துக்கு வாரேன், காதைக் குடு. பன்னி சீனாக்காரனுக்குச் சொந்தமாகுறதுக்கு முன்னால யாருக்குச் சொந்தமா இருந்தது? கொட்டகையில வச்சு வளக்கானே வட கரோலினா விவசாயி, அவனுக்கான்னு நெனச்சியா? அதுதான் கிடையாது. குட்டி கம்பெனியோடது. தீவனம் கம்பெனி லாரியில வரும். ஊசி மருந்து, டாக்டரு எல்லாம் கம்பெனி. இருபது கிலோச் சொச்சத்துல வந்து இறங்குற குட்டியை நூத்திருபது கிலோவுக்கு மேல ஏத்தி, கம்பெனி அனுப்புற லாரியில ஏத்தி விடணும். கொட்டகை மட்டும் விவசாயியோடது. அதைக் கட்டுன பாங்குக் கடன் அவனோடது. கரண்டு பில்லு அவனோடது. செத்த பன்னியை அப்புறப்படுத்துறது அவன் வேலை. சாணமும் மூத்திரமும் ஒரு சொட்டு பாக்கி இல்லாம அவனோடது. அதுல கம்பெனி பங்கே கேக்காது, அம்புட்டு பெருந்தன்மை!

ஒன் மாமன் மகன் பல்லடத்துல பொண்ணெடுத்து, மாமனார் தோட்டத்துல கறிக்கோழிக் கொட்டகை போட்டானே, அவன்கிட்ட கேளு. குஞ்சும் தீவனமும் கம்பெனி இறக்கும். தேங்கா நாரை விரிச்சு, பல்பைப் போட்டு, ராத்திரி முழிச்சு, நாப்பது நாப்பத்தஞ்சு நாள் அவன் பாக்கணும். கிலோவுக்கு இம்புட்டுன்னு வளப்புக் கூலி. கோழி விலை ஏறுனா அவனுக்கு ஒண்ணும் ஏறாது. கூலியைக் கூட்டுன்னு பண்ணையாளருக கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நிக்கிற படம் பேப்பர்ல வரும்ல, அதுல ஒரு தடவை இவன் தலையும் தெரிஞ்சது. அவன் குஞ்சு போடுற கம்பெனி தமிழன் கம்பெனிதான். அதனால கூலியில பத்து பைசா கூட வந்துட்டா?

அமெரிக்காவுலயும் கோழியில இருந்துதான் இந்த வித்தையைப் பன்னிக்குக் கொண்டு வந்தாக. வெண்டெல் மர்ஃபின்னு ஒருத்தர், வட கரோலினாவுல ரோஸ் ஹில் ஊர்க்காரர். ஒப்பந்தத்துல பன்னி வளக்க ஏற்பாட்டை அந்த மாநிலத்துல பெருசாக்குனவரு. அவரே மாநில சட்டசபையிலயும் உக்காந்திருந்தாரு. கொட்டகை கட்டுற சாமானுக்கு வரி கிடையாது, ஊரு நிர்வாகம் பன்னிப் பண்ணைக்கு இடக்கட்டுப்பாடு போட முடியாதுங்கிற மாதிரி சட்டமெல்லாம் அவரு காலத்துல வந்தது. அவரு கம்பெனியை ஸ்மித்ஃபீல்டு 2000ல வாங்கிட்டு. 1980கள்ல அந்த மாநிலத்துல பன்னி வளத்த குடும்பம் பத்தாயிரத்துக்கு மேல. இப்போ மிஞ்சுனது ரெண்டாயிரத்துச் சொச்சம் பண்ணை. பன்னி மட்டும் கொறையல, எண்பது தொண்ணூறு லட்சம் நிக்கு. இத்தனையும் நடந்து முடிஞ்ச அப்புறம்தான் சீனாக்காரன் ஏரோப்பிளேன்ல வந்து இறங்குனான். நீ சொல்லுத நாடு எப்ப பறிபோச்சு, யாரு பறிச்சா, கணக்கை நீயே போட்டுக்க. இஞ்சினியரு நீதானே.

நாத்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை. கொட்டகைத் தரை கம்பித் தரை மாதிரி இடைவெளி விட்டிருக்கும். கழிவு கீழ விழுந்து, தண்ணியில அடிச்சுப் பக்கத்துக் குட்டைக்குப் போயிரும். குட்டைன்னா நம்ம ஊருணி அகலத்துக்குக் கிடக்குமாம், கிருமியால ரோஸ் கலரா. நெறைஞ்சா மெஷினை வச்சு வயக்காட்டுல பீச்சுவாக. காத்தடிச்சா அது பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்கு வரும், முத்தத்துல நிக்க காருக்கு வரும், சன்னலைத் திறந்தா அடுப்படிக்கு வரும். அந்தப் பக்கத்து வீடுக யாரோடதுன்னு நெனைக்க? ரொம்பப் பேரு கறுப்புச் சனங்க, பன்னி வாரதுக்கு முன்னாலயே தலைமுறையா அங்க குடியிருந்தவுக. அவுக கோர்ட்டுக்குப் போனாக. 2018ல ஒரு ஜூரி 5 கோடி டாலர் குடுன்னுட்டு, இன்னொண்ணு 2½ கோடி, ஆகஸ்டுல ஒண்ணு 47 கோடியே 35 லட்சம். தண்டத்தொகைக்கு மாநிலச் சட்டத்துல உச்சவரம்பு உண்டு. அதைக் காட்டி வெட்டுனாக, அந்த 5 கோடி 32½ லட்சமா சுருங்கிட்டு. கேஸு நடந்துக்கிட்டு இருக்கையிலயே, இனிமே இப்படி யாரும் லேசுல கேஸு போட முடியாதபடி சட்டசபை ஒரு சட்டமும் பாஸ் பண்ணிட்டு. அந்தச் சட்டத்துக்குக் கை தூக்குனவுக யாரும் சீனாக்காரன் இல்ல, ஒன் ராலே ஊருலதான் உக்காந்திருந்தாக. 2020 நவம்பர்ல மேல்கோர்ட்டு, தப்பு கம்பெனி மேலதான்னு உறுதி பண்ண அப்புறம் கம்பெனி சமாதானத்துக்கு வந்தது.

இதே ஸ்மித்ஃபீல்டு 1997ல பேகன் ஆத்தைக் கெடுத்ததுக்கு 1 கோடியே 26 லட்சம் டாலர் அபராதம் கட்டுனது. தண்ணிச் சட்டத்துல அதுவரைக்கும் அம்புட்டு பெரிய அபராதம் யாருக்கும் விழல. அன்னைக்கு முதலாளி அசல் வர்ஜீனியாக்காரன், தொடை மாதிரியே ஊரு எல்லைக்குள்ள பதப்படுத்துனவன்.

அடுத்து வரிச்சண்டை. இதுலதான்லே எனக்குச் சிரிப்பாணி அடங்கல. 2018ல ட்ரம்ப் அய்யா எஃகுக்கும் அலுமினியத்துக்கும் வரி போட்டாரு. சீனாக்காரன் யோசிச்சான். திருப்பி எஃகுக்குப் போட்டா யாருக்கு வலிக்கும்? அயோவாக்காரன் பன்னி விக்கான், அயோவாக்காரன் ஓட்டும் போடுதான். ஏப்ரல்ல அமெரிக்கப் பன்னிக்கறிக்கு 25 சதவீதம், ஜூலையில இன்னொரு 25. ஏற்கெனவே இருந்த 12ஐயும் சேத்தா 62. இப்போ ஸ்மித்ஃபீல்டு சீனாவுக்கு அனுப்புற கறி யாரோட கறி? சீன முதலாளியோடது. வரியைப் போட்டது யாரு? சீன அரசாங்கம். சொந்த வீட்டுக்குள்ள நுழைய வாசல்ல சுங்கம் கட்டுன மொத ஆளு இவராத்தான் இருக்கும். இங்கிட்டு ட்ரம்ப் அரசாங்கம், வரிச்சண்டையில நொந்த விவசாயிக்கு உதவுறதுக்காகக் கறியை விலைக்கு வாங்கி ஏழைகளுக்குக் குடுக்கப் போறோம்னுட்டு. அதுல ஒரு டெண்டர், 2 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு, இதே ஸ்மித்ஃபீல்டுக்கு விழுந்துட்டு! சீனா அடிச்ச அடிக்கு மருந்து வாங்க காசு சீனா கம்பெனிக்கே போகுதேன்னு செனட்டர் கிராஸ்லி சத்தம் போட, கம்பெனி வேண்டாம்னு ஒதுங்கிட்டு. பிரேசில்காரன் ஜேபிஎஸ் அதே திட்டத்துல 6 கோடி டாலருக்கு மேல வாங்கிட்டுப் போனான். கொடி வேற, அதனால கண்ணுல படல.

2018 ஆகஸ்டுல சீனாவுல ஆப்பிரிக்கப் பன்னிக் காய்ச்சல் புகுந்துட்டு. ஒரு வருஷத்துல பன்னிக்கூட்டத்துல நாப்பது சதவீதம் காலி. அரசாங்கம் உறைபெட்டியில சேத்து வச்சிருந்த கறியை எடுத்து ஏலம் விட்டுச்சு. நம்ம ரேஷன் அரிசி மாதிரி அவுகளுக்குப் பன்னிக்கறியில கையிருப்பு உண்டு. பத்தல. வரியாவது ஒண்ணாவதுன்னு 2020ல 40 லட்சம் டன்னுக்கு மேல வெளியில இருந்து வாங்குனாக. அதே வருஷம் ஏப்ரல்ல சூ ஃபால்ஸ் ஊர்ல ஸ்மித்ஃபீல்டு ஆலையில வேலையாளுக நூத்துக்கணக்குல கொரோனாவுல விழுந்து ஆலையை மூடுனாக. நாட்டுல கறி தட்டுப்பாடு வந்துரும்னு கம்பெனித் தலைவர் அறிக்கை விட்டாரு. அறிக்கை ஒரு பக்கம், துறைமுகத்துல சீனாவுக்குப் போற பெட்டி ஒரு பக்கம். சீனக் கம்பெனி அப்படித்தான்னு சொல்ல வாயைத் திறக்காத. அசல் அமெரிக்கக் கம்பெனி டைசனும் அப்ப சீனாவுக்கு அனுப்பிக்கிட்டுத்தான் இருந்தான்.

சீனாக்காரன் பாடம் படிச்சுட்டான். ஹூபேய் மாகாணத்துல எச்சோ ஊருல பன்னிக்கு 26 மாடிக் கட்டடம் கட்டிட்டான், லிஃப்டு வச்சு. நீ இருக்க அபார்ட்மெண்டு எத்தனை மாடி?

2025ல மறுபடி ட்ரம்ப் அய்யா. மார்ச்சுல பன்னிக்கு 10 சதவீதம் கூட்டுனான் சீனாக்காரன், ஏப்ரல்ல 125. பழையது 37ஐயும் சேத்து 172 சதவீதம். கறி விலையை விட வரி விலை கூட! மே மாசம் சமாதானம் பேசி 57க்கு இறக்குனாக. கம்பெனி வாய்தா வாங்காம தன் வேலையைப் பாத்துச்சு. அந்த ஜனவரியிலயே ஸ்மித்ஃபீல்டு பங்கை 20 டாலர்னு திரும்ப அமெரிக்கச் சந்தையில வித்தாக. கேட்ட விலை 23க்கு மேல, கிடைச்சது இதுதான். அப்ப வித்தது ஒரு கைப்பிடி, பெரும்பங்கு இன்னும் ஹாங்காங்காரன்கிட்டதான் இருக்கு.

ஐரோப்பாக்காரன் கதை இதுக்கும் மேல. அவன் சீனாவோட கரண்டுக் காருக்கு வரி போடப் போறேன்னான். 2024 ஜூன்ல சீனாக்காரன், ஒன் பன்னிக்கறியை அடிமாட்டு விலைக்கு இறக்குதியான்னு விசாரணை ஆரம்பிச்சுட்டான். காரு பெர்லின்ல ஓடுது, கண்ணீரு ஸ்பெயின்ல வடியுது. ஸ்பெயின்காரன் நல்ல தொடையைத் தான் வச்சுக்கிட்டு, காது, மூக்கு, காலுன்னு தன் ஊருல அம்புட்டா விலைபோகாததை நெறைய சீனாவுக்கு விக்கான். அங்க அதுக்குத்தான் விலை. அந்தக் காதை அம்புட்டு விலைக்கு வாங்க இன்னொரு நாடு லேசுல கிடைக்காது. 2025 செப்டம்பர்ல தற்காலிகமா 62 சதவீதம் வரைக்கும் போட்டு மிரட்டி, டிசம்பர்ல உச்சத்தை 20க்குள்ள இறக்குனாக.

நம்ம இந்தியாவும் 2022 ஜனவரியில அமெரிக்கப் பன்னிக்கறிக்குக் கதவைத் திறந்துவிட்டுட்டு. அதே சமயத்துல நம்ம மாம்பழம் அங்க போகவும் வழி பிறந்துச்சு. ஒங்க ஆச்சிக்கு மாம்பழம் போனதை மட்டும்தான் சொல்லியிருக்கேன்.

நீ கேக்கப் போறது தெரியும். "அப்போ கறியில எந்த ஊருன்னு எழுதிப்போட்டா நாங்க பாத்து வாங்குவோமே தாத்தா." எழுதிப்போட்டாகலே! 2009ல இருந்து அமெரிக்காவுல கறிக்குப் பிறந்த ஊரு எழுதணும்னு சட்டம் இருந்தது. கனடாவுல பிறந்து பால்குடி மறந்த குட்டி, லாரி ஏறி அயோவாவுல வளந்து அங்கயே அறுபடும். அதுக்கு எந்த ஊரு எழுத? தனித்தனியா நிறுத்தி, தனித்தனியா அறுக்கச் செலவாகுதுன்னு ஆலைக்காரன் கனடாக் குட்டியை ஒதுக்குனான். கனடாவும் மெக்சிகோவும் உலக வர்த்தக நிறுவனத்துக்குப் போயி ஏழு வருஷம் கேஸு நடத்தி ஜெயிச்சாக. வருஷத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல பதில்வரி போட்டுக்கலாம்னு 2015 டிசம்பர்ல தீர்ப்பு. தீர்ப்பு வந்த ரெண்டு வாரத்துக்குள்ள அமெரிக்க நாடாளுமன்றம் பன்னிக்கும் மாட்டுக்கும் அந்தச் சட்டத்தையே தூக்கிக் குப்பையில போட்டுட்டு.

இப்போ 2026 ஜனவரியில இருந்து ஒரு புது விதி. அமெரிக்கத் தயாரிப்புன்னு பொட்டலத்துல போடணும்னா அங்கயே பிறந்து, வளந்து, அறுத்து, பொதிஞ்சிருக்கணும். போடணும்னு கட்டாயம் கிடையாது, இஷ்டம் இருந்தா போடலாம். டார் ஹீல் ஆலையில இருந்து வார ஸ்மித்ஃபீல்டு பொட்டலத்துக்கு அந்த எழுத்து தாராளமாப் பொருந்தும், சட்டப்படி ஒரு குத்தமும் இல்ல. பன்னிக்குத்தான் பிறந்த ஊரு கேக்காக, லாபத்துக்குக் கேக்கல.

அதனால கடையில நின்னு பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிக் கொடி தேடாத பேராண்டி. வார சனிக்கிழமை லீவுதானே? காரை எடுத்துக்கிட்டு டூப்ளின் கவுண்டிப் பக்கம் போ. ஏதாவது ஒரு கொட்டகைக்காரனைப் பிடிச்சு, மரியாதையாப் பேசி, கம்பெனியோட போட்ட ஒப்பந்தத்தை ஒரு தடவை காட்டச் சொல்லு. கைமாறுறதுக்கு முந்தி என்ன கூலி, இப்ப என்ன கூலி, பாங்குக்கு இன்னும் எத்தனை வருஷம் பாக்கின்னு கேளு. பக்கத்து வீட்டுக்காரகிட்டயும் கேளு, துணி காயப்போட முடியுதான்னு. கேட்டுட்டு எனக்குப் போன் பண்ணு, பல்லடத்துக்காரனையும் லைன்ல வச்சிருக்கேன். கார் சன்னலை மட்டும் ஏத்தி விட்டுக்கலே.